இடக்கண் ஓரத்து விளக்கு

2009 பெப்ரவரி 28, சனி. நாவற்குடா

விடியத் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். தைக்க வேண்டியது: பள்ளிச் சட்டை ஆறு, சாரிச் சட்டை ஒன்று. நேற்று ஒன்றும் ஓடவில்லை. வெள்ளி அல்லவா. வழக்கம்போல் வந்துவிட்டது.

முதலில் ஒளி. இடக்கண் ஓரத்தில் ஒரு பொட்டு, பிறகு நெளிந்து விரிந்து மினுங்கும். கண்ணை மூடினாலும் தெரியும். இருபது நிமிடம். அதன் பிறகு இடப்பக்கத் தலையில் மட்டும் இடி. வாந்தி. மாலை வரை பாய்தான்.

ஒருவருக்கும் சொல்லாதது: அது என் கணவருடைய விளக்கு. வாவியில் இறால் பிடிக்க அவர் கொண்டுபோகும் விளக்கு தண்ணீரில் இப்படித்தான் நெளியும். சுனாமியில் கடல் பொங்கிய ஞாயிறு காலை கடற்கரைக்குப் போனவர். உடல் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே அவருக்காக வெள்ளி விரதம் பிடித்தேன், மாலைப் பூசை வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை. ஒளியும் அப்போதுதான் வரத் தொடங்கியது. வேறு என்ன நினைப்பேன்? இந்த வருடம் மகள் சுபாவும் என்னோடு விரதம்.

மச்சாள், அவருடைய அக்கா, எட்டிப் பார்த்தார். "இது நோய் வருத்தமில்லகா. அம்மன் உரு வரப்பாக்குது. மறிச்சிராத."

சுபா வாசலிலேயே நின்றாள். "வெள்ளிக்கிழமையில வீட்ட வரவே பயமாக் கிடக்கும்மா. உங்களுக்கும் ஏதும் நடந்தா எனக்கு ஆர்?" பதினைந்து வயது. செவ்வாய் கிளினிக் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 3, செவ்வாய்

சோதனைச் சாவடியில் முக்கால் மணி நேரம், கொதிக்கிற வெயில். கிளினிக்கில் அதைவிட நீண்ட வரிசை.

இளம் டாக்டர். கண்ணில் டோர்ச் அடித்தார். கை விறைக்குமா, பேச்சுக் குழறுமா என்று கேட்டார். இல்லை, இல்லை. பிறகு மருந்துத் துண்டைத் திருப்பிப் பேனையால் ஒரு வளைந்த கோடு இழுத்தார். விளிம்பெல்லாம் மரம் அரியும் வாளின் பல்.

"இப்பிடியா?"

உடம்பெல்லாம் புல்லரித்தது. நாலு வருடம் என் கண்ணுக்குள் மட்டும் இருந்ததை யாரோ ஒருவர் கடதாசியில் கீறுகிறார்!

"ஓம் ஐயா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் வாறதுதானே. ஒற்றைத் தலைவலி. நிறையப் பேருக்கு இரிக்கு. சில குடும்பத்தில வழிவழியா வரும்."

அப்படியென்றால் இவருக்கு யார் விளக்குக் காட்டுவது? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவர் சொன்னவை: நேரத்துக்குச் சாப்பாடு. தண்ணீர். வெயிலில் குடை. தொடங்கும்போதே மாத்திரை, இருட்டறை. வலி ஏறினபின் போட்டால் பலன் குறைவு. அடிக்கடி போட்டால் அதுவே வலியாகும். கொப்பியில் நாள், நேரம், சாப்பாடு, நித்திரை எழுத வேண்டும்.

விரதம்?

"சாப்பிட்டுட்டுக் கும்பிடுங்க. சாமி கோவிக்காது."

மார்ச் 5, வியாழன்

வெக்கை. வந்த நாட்களை எல்லாம் கலண்டரில் வட்டமிட்டேன். வெள்ளி, வெள்ளி, வெள்ளி. இரண்டு வட்டம் மட்டும் வெளியே: ஒன்று சாவடி வெயில், மற்றது வன்னிச் சண்டைச் செய்தி கேட்டு நித்திரை வராத மறுநாள். ஒரு தலைக்குள் இவ்வளவு ஒழுங்கா! பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நாளை வெள்ளி. சாப்பிட்டால் அவர் வரமாட்டார். நானே அவரைக் கைவிட்டதாகுமோ?

மார்ச் 6, வெள்ளி

மப்பு வானம். நான் குளிக்கும்போதே சுபா பள்ளிக்குப் போய்விட்டாள். புட்டு அவித்தேன். அவர் படத்துக்கு முன்னால் நின்று, "இஞ்சாருங்க, நான் சாப்பிடப்போறன்" என்றேன். முதல் பிடியைத் தண்ணீரோடு விழுங்கினேன். அடுத்தது தானாக இறங்கியது. வேலிக்கு அப்பால் மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒளி இல்லை. வலி இல்லை. சட்டை ஆறும் முடிந்தது. நடுவில் கொஞ்சம் அழுதேன். வெள்ளிக்கிழமையில் தலை வலிக்காமல் அழ முடிவதே அதிசயம்தான்.

இரண்டு மணிக்குச் சுபா வந்தாள். முகம் வெளிறி. மேசையில் டாக்டர் கீறிய துண்டைப் பார்த்தபடி நின்றாள்.

"இது இப்பிடிச் சும்மா நிக்காதும்மா. மினுங்கி மினுங்கி ஓடும்."

"ஆர் சொன்ன உனக்கு?"

கையால் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

ஜன்னலுக்குச் சாரி கட்டினேன். புட்டைப் பிசைந்து ஊட்டினேன். மாத்திரை ஒன்று. செவ்வாய் அவளையும் கூட்டிப்போக வேண்டும்.

கொப்பியில் புதுப் பக்கம். சுபா. மார்ச் 6, வெள்ளி. காலைச் சாப்பாடு: இல்லை.