அடைத்துவிட்ட கேட்

அன்புள்ள அம்மாவுக்கு,

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எலின் இப்போதுதான் தூங்கினாள். கார்டிஃபில் மழை விட்டதா? உன் முழங்கால் தேவலையா? நாங்கள் இருவரும் சௌக்கியம்.

பிள்ளை பிறந்த பிறகு இன்றுதான் முதல் தடவையாக மலையில் ஓடினேன். எலினைப் பக்கத்து வீட்டு நெஸ்டாவிடம் விட்டுவிட்டு, ஓக் காட்டு வழியாக ஏறினேன். மேலே ஒரு கேட் திறந்து கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அடைத்துவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது பள்ளத்தாக்கே அலறுகிறது: கேட்டுக்கு அந்தப் பக்கம் தாய் ஆடுகள், இந்தப் பக்கம் குட்டிகள். பண்ணைக்கார எம்ரிஸ் மூச்சு வாங்க வந்தார்.

“ஏன் டீச்சர், கேட் எப்படி இருந்துச்சோ அப்படியே விடணும்னு உங்க ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கே தெரியுமே!”

நானே திறந்துவிட்டேன். குட்டிகள் முட்டி மோதிக்கொண்டு ஓடின. நானும் வீடுவரை நிற்காமல் ஓடினேன். எலினோ நெஸ்டாவின் மடியில் கேக்கைச் சப்பிக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அதுக்குள்ள ஏன் வந்தே? போய் இன்னொரு மலை ஏறிட்டு வா,” என்கிறாள் நெஸ்டா.

சனிக்கிழமை ஊர் மலைப் பந்தயம். நான் ஓடியதைப் பார்த்துவிட்டு எம்ரிஸே என் பெயரைக் கொடுத்துவிட்டார். நெஸ்டாவும் ஓடுகிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மலைமேல் குளிருக்குப் போட்டுக்கொள்ள அப்பாவின் பழைய கையுறைகளை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமையே வருவாயா? நாலு நாள் தங்குகிற மாதிரி வா. நீ வந்தால்தான் ஓடுவேன். சீக்கிரம் பதில் எழுது.

லோரி