றெஜினோல்ட் வருகிற ஞாயிறு

ஈஸ்ட் ஹாம்
3.4.1989

என் ஆசை அண்ணைக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மாட்டுப்பட்டுப் போனேன். பகிடி விட்டது நான். இப்போது பகிடி என்னை விடுகுதில்லை.

எங்கள் வீட்டுக்காரி பியற்றிஸ் அன்ரியை நாற்பத்துநாலில் கட்டவிருந்தவர் றெஜினோல்ட் என்ற அமெரிக்கர். குண்டுவீச்சு விமானத்தில் துவக்குச் சுடுகிறவர். ஜேர்மனிக்கு மேலே சுட்டு விழுத்திவிட்டார்கள். தந்தி வந்தது, உடம்பு வரவில்லை. ஏப்ரல் முதலாம் திகதி, "உயிரோடு இருக்கிறேன், நாளை மூன்று மணிக்கு லிவர்பூல் ஸ்ரிற் ஸ்டேஷனுக்கு வா" என்று அவர் பெயரில் எழுதிக் கதவடியில் போட்டேன். திட்டிவிட்டுச் சிரிப்பா என்று நினைத்தேன். நீலக் கோட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போய்விட்டா! இருட்டும்வரை நின்றாவாம். அடுத்த ஞாயிறும் போவாவாம். என்ன செய்ய? கெதியாய் எழுதுங்கோ.

உங்கள் குரங்கு,
சிவகௌரி

பாரிஸ்
8.4.1989

கௌரி,

ஊரில் அப்பாவை ஆமி பிடித்துக்கொண்டுபோய் மூன்று வருஷம். உடம்பைக் காணாதபடியால் அம்மா இன்னும் பொட்டு அழிக்கவில்லை. அதைத் தினமும் பார்க்கிற உனக்கு இப்படியொரு பகிடி எப்படி வந்தது? இன்றைக்கே உண்மையைச் சொல். சொல்லும்வரை எனக்கு எழுதாதே.

குகநேசன்

ஈஸ்ட் ஹாம்
17.4.1989

அன்புள்ள அண்ணைக்கு,

சொல்லிவிட்டேன். அன்ரி நம்பவில்லை. தாளின் நான்கு மூலையும் மஞ்சளாம். அவர் யுத்தகாலத்திலிருந்து வைத்திருந்த தாளாம். அது நம்முடைய மஞ்சள், அண்ணை! நான் கடிதத்தை மடிக்கும்போது, "அன்ரிக்கு நல்ல செய்தி" என்று அம்மாவுக்கும் ஒரு புளுகு விட்டேன். அம்மா கலியாணக் கடிதத்துக்குப் பூசுவதுபோலப் பூசிவிட்டா.

அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

"நீங்கள் பூசின மஞ்சள் எண்டு சொல்லுங்கோ அம்மா. அந்தாள் செத்திட்டார்."

"உடம்பு கிடைச்சதோ?"

"இல்லை."

"அப்ப நீ ஆர் செத்தது எண்டு சொல்ல?"

மஞ்சளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நேற்று வேலைக்குப் போகாமல், நல்ல சீலை கட்டிக்கொண்டு அன்ரியோடு ஸ்டேஷனுக்கு வெளிக்கிட்டா. வாசலில் நின்று கேட்டா: "பிள்ளை, அந்தக் கடிதத்திலை வேறை ஆரும் வருகினம் எண்டு இருந்ததோ?"



உங்களிடம் விசா இல்லை, தெரியும். எண்டாலும் வாங்கோ அண்ணை. என்னை அடிக்கவாவது வாங்கோ.

கௌரி