என் குவேசார்

ஜூன் 8, ஞாயிறு

சுகு என் யோசனையைத் திருடிவிட்டான்.

காலையிலிருந்தே வெயில். கிள்ளான் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் காற்று இல்லை. மாணவர்களுக்கு விடுமுறை முகாம். தின்னக் கறிபாப், குடிக்க ரோஸ் சிராப் தண்ணீர். மேடையில் சுகு, தலைப்பு: கருந்துளையும் குவேசாரும். நான் நாற்காலி அடுக்கி, புரொஜெக்டருக்கு வயர் இழுத்துவிட்டுப் பின்னால்.

பேச்சின் நடுவில் அது வந்தது, என் யோசனை. கருந்துளை ஒளியையே வெளியே விடாது, அப்படியிருக்க அதைச் சுற்றி அண்டத்திலேயே பெரிய வெளிச்சம் எப்படி என்று கேட்டான். கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் சாயங்காலம் கொம்யூட்டர் புறநகர் ரயில் வந்து நிற்கும்போது கதவைப் பாருங்கள் என்றான். உள்ளே போனவன் சத்தம் போடுவதில்லை. வெளியே இடிபடுகிறவர்கள்தான் சூடு, சத்தம், சண்டை. அந்த இடிபாடுதான் குவேசார். கூட்டம் தீர்ந்தால் அணைந்துவிடும், கதவு மட்டும் இருட்டாக அங்கேயே இருக்கும். நம் பால்வீதியின் நடுவிலும் அப்படி அணைந்துபோன ஒன்று இருக்கலாம்.

கதவு என்னுடையது. கூட்டம் என்னுடையது. அணைவதும். இரண்டு வருடத்துக்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் டீக்கடையில் நான் அவனிடம் சொன்னது, மூச்சு வாங்கிய இடம் உட்பட.

பிள்ளைகள் கைதட்டல். பக்கத்தில் ஓர் ஆசிரியை: "தம்பி, அந்த ஃபேன கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடுங்க லா."

திருப்பினேன். கடைசிவரை என் பெயர் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

ஷா ஆலம், கிடங்கு. லோரிகள் தாமதம். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போகும்போது போடும் கத்தல் இன்னும் காதில்.

சுகுவும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவனுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா வக்கீல், ஹால் முழுக்கப் பட்டமளிப்புப் படங்கள். எங்கள் ஹாலில் காலண்டர். ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடிந்ததும் அவன் கல்லூரிக்கு, நான் கிடங்குக்கு. ரொம்ப சாதாரணமாக நடந்தது, யாரும் அதிர்ச்சி அடையவில்லை.

அவன் கொம்யூட்டரில் ஏறி எத்தனை வருடம்? கார் இருக்கிறது. சுங்கை பூலோவிலிருந்து தினம் வந்து, சென்ட்ரலில் மாறி, அந்தக் கதவில் விலா எலும்பு நசுங்குகிறவன் நான். என் வாயில் மாமாக் கடைப் பேச்சு. அவன் வாயில் அறிவியல்.

செய்தி அனுப்பினேன்: ஏன் என் பேரச் சொல்லல?

ஜூன் 11, புதன்

மழை. அதே மாமாக் கடைக்கு வரச் சொன்னான். அவனுக்கு வெள்ளி சாயங்காலம் விமானம், இங்கிலாந்து, மேல்படிப்பு.

மறுப்பான் என்று நினைத்துப் போனேன். மறுக்கவில்லை.

"மச்சான், அது எல்லா புக்குலயும் இருக்குடா. நாம பொறக்குறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாங்க. உன் பேரச் சொல்லியிருந்தா தெரிஞ்சவங்க உன்னப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

"கதவு?"

"கதவு உன்னோடதுதான்."

"அப்ப கதவுக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

தே ஓ ஐஸ் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான், சர்க்கரை எப்போதோ கரைந்தாகிவிட்டது.

பிறகு நான் பேசியதெல்லாம் கேவலம். அவன் அப்பாவை இழுத்தேன். ஹாலில் மாட்டியிருக்கும் படங்களை இழுத்தேன். "திருடித் தின்னே பழகுன குடும்பம்" என்றேன். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு மழையிலேயே வந்துவிட்டேன். குடை கடையில்.

ஜூன் 12, வியாழன்

லீவு. உடம்பு கனம். கைப்பேசியில் தேடிப் படித்தேன், எல்லாம் இங்கிலீஷ், மெதுவாகத்தான்.

வெளிச்சம் துளையிலிருந்து இல்லை, சுற்றும் வாயுவிலிருந்து: ஏற்கெனவே சொல்லியாயிற்று.
தீனி தீர்ந்தால் அணையும்: ஏற்கெனவே.
பால்வீதி நடுவில் பட்டினி கிடக்கும் ஒன்று: ஏற்கெனவே.
கொம்யூட்டர் கதவு: இதுவரை எங்கும் காணோம்.

அவன் சொன்னது சரி. எரிச்சல் அதில் இல்லை. அன்றைக்கே யாராவது, இது பழசு, அடுத்ததைப் பார் என்று சொல்லியிருந்தால் அடுத்ததைப் பார்த்திருப்பேன். இரண்டு வருடமாகத் திறந்திருந்த வீட்டின் முன்னால் உட்கார்ந்து சாவி செய்துகொண்டிருந்தேன்.

அதுவும் இல்லை. உறுத்துவது மாமாக் கடையில் முதன்முதலாகச் சொன்ன அந்தச் சாயங்காலம். நான் சொல்லி முடித்ததும் சுகு கிளாஸைக் கீழே வைத்தான். மேசையைத் தட்டினான். "டேய், இத யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்கடா." அந்த முகம். அன்று ரயிலை விட்டேன், அடுத்ததையும் விட்டேன், கவலையே இல்லை. எனக்கு அதைவிட நல்ல நாள் வந்ததில்லை.

இது பழசு என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருந்தால் அந்த முகம் பொய். நாய்க்குட்டியைத் தடவிக் கொடுப்பதுபோல என்னைத் தடவிக் கொடுத்திருக்கிறான். பிறகுதான் தெரிந்தது என்றால், எனக்கு வலிக்குமே என்று தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். இரண்டில் எது என்று கேட்காமலே நேற்று அத்தனையும் பேசினேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டே: "அந்தப் பிள்ள நாளைக்குப் போறானாமே. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்."

நாளைக்கு ஓவர்டைம் இருக்கிறது என்றேன். இல்லை.

ஜூன் 13, வெள்ளி

மூட்டம். வேலை முடிந்து சென்ட்ரல். ஏர்போர்ட் ரயிலும் இங்கிருந்துதான். அந்தப் பக்கம் போகவில்லை. பிளாட்பாரத்தில் நின்றேன். கொம்யூட்டர் வந்தது, அதே கதவு, அதே இடி. ஒரு ஆன்டி என் காலை மிதித்துவிட்டு என்னையே திட்டினார். ஏறவில்லை. ரயில் போனது. சத்தம் நின்றது.

புதிதாக ஒன்று தோன்றியது: அணைந்ததில் மறுபடி ஏதாவது விழுந்தால் மறுபடி எரியுமா? எரியும் என்றுதான் படுகிறது. தேடிப் பார்க்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு இருக்கும் ஒரே ஆள் விமான நிலையத்தில்.

மன்னிச்சிடு என்று தட்டினேன். அழித்தேன். அனுப்பியது இது மட்டும்:

மொத மொத நான் சொன்ன அன்னிக்கே உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லிட்டு ஏறு.

நீல டிக் விழுந்தது, படித்துவிட்டான்.

ஜூன் 14, சனி

மறுபடி மழை. குடை இன்னும் மாமாக் கடையில்தான். அம்மா, சுகு போய்ச் சேர்ந்துவிட்டானா என்று கேட்டார். சேர்ந்திருப்பான்.

சாப்பாட்டு வேளையில் கைப்பேசியைப் பார்த்தேன். லோரி இறக்கிவிட்டுப் பார்த்தேன். இன்னொரு முறை அனுப்பினேன்.

தெரியும்னாலும் பரவால்ல. சொல்லுடா.