உன் குரல் பிந்தி வருகிறது

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவன் கைவிடாததால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் கண்ணை மூடியதும் என் முதல் வேண்டுதல். போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று சிரிக்காதே, முழுக்கப் படி.

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, மறதிதான் விடவில்லை. தியேட்டரில் ஆபரேட்டராக ஓட்டிய படமெல்லாம் ரீல் ரீலாக நினைவிருக்கிறது, காலையில் சாப்பிட்டது நினைவில்லை. வேண்டிய முகங்களைக் காட்டிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் அதுவும் நழுவிவிடும் என்று டாக்டரம்மா சொன்னதால்தான் ஞாயிறுதோறும் உன்னை வீடியோவில் கூப்பிட்டு அவரைப் பார்க்க வைக்கிறேன். ஆனால் கொஞ்ச நாளாக உன் உதடு முன்னால் போகிறது, குரல் பின்னால் வருகிறது, பாதிப் பேச்சில் அப்படியே கல்லாகிவிடுகிறாய், ஒரு கண் திறந்து ஒரு கண் பாதி மூடி. அப்பா திரைக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "இது டப்பிங். வாயசைக்கிறது ஒருத்தி, பேசுறது வேற ஒருத்தி. நம்ம பொண்ண எங்க வச்சிருக்காங்க?" என்று என்னைக் கேட்டார். படமும் சத்தமும் இம்மி விலகினாலும் விசில் பறக்கும் இடத்தில் காலம் தள்ளியவர், அவருக்கு நான் என்ன சமாதானம் சொல்ல.

நமக்கு இன்டர்நெட் கொடுக்கும் கேபிள்காரரை வரவழைத்தேன். அவர் வேகத்தை அளந்து பார்த்தார், ஒரு குறையும் இல்லை. கம்பெனியின் சினிமா சேனலைப் போட்டார், வழுக்கிக்கொண்டு ஓடியது. உன்னைக் கூப்பிட்டோம், திக்கித் திணறினாய். லைன் நன்றாகத்தான் இருக்கிறதாம், எது வீடியோ பேச்சு என்று கம்பெனிக்குத் தெரியுமாம், அதை மட்டும் வழியில் பிடித்து வைத்து வைத்து அனுப்புகிறார்களாம். அப்படியானால் என் மகள் சினிமாவில் நடித்தால்தான் நேரத்துக்கு வீடு வந்து சேருவாளா என்று கேட்டேன், மனுஷன் சிரித்துவிட்டார். பில்லைப் பொடி எழுத்து வரை படிக்கிறவள் நான், போய்ப் பார்த்தால் அதுவும் ஒரு மூலையில் போட்டிருக்கிறது, சில வகைப் பயன்பாடு மெதுவாக்கப்படலாம் என்று. பெரிய திட்டத்துக்கும் மாறிப் பார்த்தேன். பில்தான் பெரிதானது, நீ அப்படியேதான் வந்தாய். வேறு கம்பெனியின் கம்பியும் நம் தெருவுக்கு வரவில்லை. சாதாரண போனில் பேசுங்கள் என்றால், முகத்தைக் காட்டாதவளை எப்படி நம்புவது என்கிறார் அப்பா.

போன மாதம் அவரே ஒரு சோதனை வைத்தார். திரைக்கு முன்னால் நின்று, நீ என் பொண்ணு என்றால் நான் உன்னை எப்படிக் கூப்பிடுவேன், சொல் என்றார். நம் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாத பெயர் அது. நீ கல்லாக நின்றாய். அவர் காத்திருந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார், பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நானும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். ஆளில்லாத கூடத்திலிருந்து அந்தப் பெயர் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் திரையில் உன் வாய் மூடியிருக்கிறது, பெயர் மட்டும் இன்னொரு தடவை வந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன். "நீ சொல்லிக் குடுத்திருப்ப" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதைத் தாமதம் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு நடந்ததைத்தான் சொல்லத் தெரியவில்லை. அப்பா எங்கே என்று கேட்டாய். உன் முன்னால் வர மாட்டேன் என்று அவர் அடம்பிடிப்பதை உன்னிடம் எப்படிச் சொல்வது, தூங்குகிறார் என்று பொய் சொல்லலாமா என்று மனதுக்குள் தவித்துக்கொண்டிருந்தேன். நான் வாயே திறக்கவில்லை. "சரிம்மா, தூங்கட்டும், எழுப்பாத" என்று சொன்னாய். கேபிள்காரரை வழியில் பார்த்தபோது இப்படியும் வருமா என்று கேட்டேன். "பிந்தி வரும்மா, முந்தி வராது" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆகவே நீ ஒரு காரியம் செய். அந்தப் பெயரை உன் கையால் ஒரு தாளில் எழுதித் தபாலில் போடு. உன் 'ழ'வின் வால் கோணிக்கொண்டு போவது அப்பாவுக்குத் தெரியும், அதே மாதிரி வேறு யாராலும் எழுதிக் காட்ட முடியாது என்று அவரே சொல்வார். அவருக்காகத்தான் கேட்கிறேன் என்று எழுத நினைத்தேன், கடவுளுக்குப் பயந்தவள் பொய் எழுதக் கூடாது, எனக்கும்தான் வேண்டும். இந்தக் கடிதத்தில் எங்கும் அந்தப் பெயரை நான் எழுதவில்லை, வேண்டுமென்றேதான்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளையிடம் சண்டை போட்டாலும் சாப்பாடு போட்டுவிட்டுப் போடு. ஆண்டவன் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். உன் தபால் என் கைக்கு வரும் வரை போனில் அந்தப் பெயரை இனிச் சொல்லிவிடாதே, யார் கேட்டாலும், திரையில் நானே வந்து கேட்டாலும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா