ஆயுத பூஜைக்குப் பின் அசையாத எண்

சின்ன காஞ்சிபுரம்,
சனிக்கிழமை மாலை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஸ்ரீகருக்கு பாஷ்யம் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உங்கள் மாமியார் பூமாவும் சௌக்கியம். லக்ஷணா, இந்த வரியை எழுதும்வரை சௌக்கியம். அடுத்த வரியைப் பற்றி உறுதி சொல்ல முடியாததால்தான் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு இதை எழுதுகிறேன்.

உங்கள் தொலைபேசி மணி அடித்து ஓய்கிறது. கொரியாவில் நேரம் என்ன என்று பார்க்காமல் கூப்பிட்டேன். பார்த்த பிறகும் கூப்பிட்டேன். லக்ஷணாவும் உங்கள் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினாள். கட்டிய கணவனுக்கு 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கும் கடிதம். நீங்கள் திங்கட்கிழமை வரை விடுப்பில் இருப்பதாகவும், அவளுடைய அக்கறைக்கு நன்றி என்றும் இயந்திரம் பதில் போட்டது. ஆவணியில் நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்திய பிறகு உங்கள் தரப்பிலிருந்து அவளுக்கு வந்த முதல் கனிவான சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். தென்னேரிப் பக்கம் அவள் வேலை செய்யும் பாட்டில் தொழிற்சாலையில், கண்ணாடி உருக்கும் உலையின் மேல்வளைவில் சூடு அளக்க நீங்கள் பொருத்திய கருவி, ஆயுத பூஜையிலிருந்து ஒரே எண்ணைக் காட்டுகிறது. ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது டிகிரி. நாற்பத்தொன்று கிடையாது; முப்பத்தொன்பதும் கிடையாது. உலை என்றால் எண் சற்றாவது நடுங்க வேண்டும் என்கிறாள் லக்ஷணா. மேலாளர் ராமராஜனுக்கோ இவ்வளவு ஒழுக்கமான உலையைக் கண்டதே இல்லை என்று மகிழ்ச்சி. கருவியின் திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்த பலன் என்றாராம்.

பழைய தெர்மோகப்பிள் வெப்பமானிகளில் உயிரோடிருப்பது ஒன்றே ஒன்று. அது அறுபது டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது, ஏறிக்கொண்டும் இருக்கிறது. அது மெய்யானால் வளைவுச் செங்கல் இளகி, உருகிய கண்ணாடிக்குள் விழுமாம். பக்கத்தில் நிற்பவர்களுக்கு என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தீயைக் குறைக்கும்படி கேட்டிருக்கிறாள். ராமராஜன் உங்கள் அறிக்கையை எடுத்து நீட்டினாராம். இரண்டும் முரண்பட்டால் புதியதையே நம்புக என்று அதில் நீங்கள்தான் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். "உங்க வீட்டுக்காரர் எழுதினதும்மா. அவரே அது தப்புன்னு சொல்லட்டும், அடுத்த நிமிஷம் தீயைக் குறைச்சிடறேன்" என்றாராம்.

பூஜைக்குக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள், நாங்களும் போயிருந்தோம். பொரியும் சுண்டலும் தாராளம். அன்று எடுத்த படம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பூமா உங்கள் கருவிப் பெட்டிக்கு முன் நிற்கிறாள். இன்று மத்தியானம் அதை, நீங்கள் அதே இடத்தில் நின்ற படத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் படத்தை அவள் கைப்பேசியில் தேட வேண்டியதில்லை. "மாப்பிள்ளை பக்கத்துல அந்த மஞ்சள் வயர் சைக்கிள் சக்கரம் மாதிரி பெரிசா தொங்கித்தே, இப்போ ஏன் கைக்குள்ள அடங்கற மாதிரி இருக்கு?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அன்று எலெக்ட்ரீஷியன் குமரன் அதை எனக்குப் பெருமையோடு காட்டினான். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. "இம்மாம் பெரிய வளையமா தொங்கிக்கினு இருந்துது சார். பூஜையும் அதுவுமா பார்க்க நல்லாவா இருக்குது? தார் சுத்தற மாதிரி நானே சுத்தி வெச்சேன்" என்றான். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்சுருள்தான் தார். விரல் பருமன்தான் இருக்கும். ஒரு பிசிறு இல்லாமல் இறுக்கிச் சுற்றி, குங்குமமும் வைத்திருந்தான். நான் பாராட்டினேன்.

பட்டிழையை எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும் அது பட்டுதான். உங்களுடையது கண்ணாடி இழை. உள்ளே ஓடுவது ஒளி. இறுக்கி வளைத்தால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும் என்று எங்கள் வீட்டில் சாப்பிடும்போது நீங்கள் விளக்கினீர்கள். உலைக்குள் இருக்கும் முனை மட்டும் நீலக்கல் இழை என்றும் சொன்னீர்கள். சனி பகவானுக்குரிய கல்லாயிற்றே என்று பூமா கவலைப்பட, நாம் இருவரும் சிரித்தோம்.

லக்ஷணாவிடம் சுருளைப் பற்றிச் சொன்னேன். ஒளி வந்து சேராவிட்டால் பெட்டி கடைசியாகக் கண்ட எண்ணையே பிடித்துக்கொண்டிருக்குமா என்பது அதை அமைத்தவருக்குத்தான் தெரியும் என்றாள். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சுருளைப் பிரித்துப் பார்க்கலாமென்றால் அது இருக்கும் பெட்டி பூட்டியிருக்கிறது, சாவி ராமராஜன் பையில். வேறு யாராவது கைவைத்தால் உத்தரவாதம் போய்விடுமாம். பூஜைக்குச் சுத்தம் செய்வது கைவைப்பதில் சேராதாம்.

ஆட்களை ஏதேதோ சாக்கு சொல்லி உலைப் பக்கத்திலிருந்து அனுப்பிவிட்டு, அவள் மட்டும் கறுப்புக் கண்ணாடி வழியே வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வெளியே வா என்றேன். "நான் வந்தா இந்த இடத்துக்கு இன்னொருத்தரை அனுப்புவா அப்பா. அவருக்கு எதைப் பார்க்கணும்னே தெரியாது" என்றாள்.

உங்கள் கருவி பொய் சொல்கிறது என்று நீங்களே எழுதுவது எளிதல்ல என்று அறிவேன். கம்பெனி விளக்கம் கேட்கும். கேட்கட்டும். ராமராஜனின் தொலைபேசி எண் படத்தின் கீழே இருக்கிறது. ஒரு வரி போதும். நான் உங்களுக்குத் தனியாக எழுதவே கூடாது என்று லக்ஷணா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே நீங்களாக விசாரித்ததாக இருக்கட்டும்.

பிறகு அவளையும் கூப்பிடுங்கள். எங்கள் பேச்சைக் கேட்டு அவள் கடைசியாகச் செய்த காரியம் உங்களைக் கல்யாணம் செய்துகொண்டது. அதன்பின் எங்கள் செல்வாக்கு சரிந்துவிட்டது. உலைச் சத்தத்தில் அங்கே இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச முடியாது. சண்டை என்றால் அவள் வெளியே வந்துதான் ஆக வேண்டும். நல்ல பெரிய சண்டையாகப் போடுங்கள், மாப்பிள்ளை. சீக்கிரம் முடித்துவிடாதீர்கள்.

பெருமாள் நீண்ட ஆயுள் கொடுக்கட்டும். இந்த ஆசீர்வாதத்தை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பிரித்துக் கொடுக்க எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
பாஷ்யம்