பெரிய வியாழனுக்கு மட்டும்

அக். 26, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. துணி காயாது.

பூசை முடிந்து பங்குப் பேரவைக் கூட்டம். வெள்ளி மாலை நம் கோயிலில் லூத்தரன் சபையாரோடு கூட்டு வழிபாடு. ஐந்நூறு வருடம் முன்பு லூத்தர் காலத்தில் கத்தோலிக்கரான நாமும் அவர்களும் பிரிந்ததற்காக இரு தரப்பும் மன்னிப்புக் கேட்பது. முடிவில் ஃபாதர் அவர்களில் ஆறு பேரின் பாதங்களையும், அவர்கள் போதகர் நம்மில் ஆறு பேரின் பாதங்களையும் கழுவுவதாகத் திட்டம்.

மன்னிப்புக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கால் என்றதும் நாற்காலிகள் நகர்ந்தன.

"மாதாவக் கும்பிடாதவய்ங்க காலை நம்ம சாமியார் கழுவுறதா?" செயலாளர் அருளப்பன் அண்ணன். ஏலக்காய் வியாபாரம்.

"அதுவும் அந்த ஆளுக காலை..." பின்னால் ஒரு பெண் குரல். முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அந்தச் சபையில் பெரும்பாலும் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலிக் குடும்பங்கள். எந்தத் தெருவிலிருந்து மலையேறியவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொன்ன பெயர் லூத்தர் மட்டும்.

ஃபாதர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க ஹிஸ்டரி. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். பாதம் கழுவுதல் பெரிய வியாழன் சடங்கு, இயேசு சீடர்களின் காலைக் கழுவிய, புனித வெள்ளிக்கு முந்தின நாளுக்கு உரியது, மற்ற நாட்களில் நம் வழக்கம் இல்லை என்று. உண்மைதான். செய்யக் கூடாது என்றும் எங்கும் இல்லை. அதைச் சொல்லவில்லை.

"அப்புறமென்ன? டீச்சரே சொல்லிட்டாக."

கழுவுவது ரத்து. அந்தச் சபையில் எஸ்தரைத் தெரியும் என்பதால் சபையாருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு எனக்கு.

வழிபாட்டு மரபில் எனக்கு எப்போதிருந்து இவ்வளவு பற்று? பெரிய வியாழனுக்கே கோயிலுக்குப் போகாத வருடங்கள் எத்தனை.

அக். 28, செவ்வாய்

வெயில். பத்தாம் வகுப்புத் தாள்கள் பாதி. கேஸ் பதிவு. பல் டாக்டர் — தள்ளிப்போட்டாயிற்று.

எஸ்தருக்கு போன் செய்யவில்லை. இரண்டு தடவை எடுத்தேன், வைத்தேன். போடிமெட்டுக்கு மேலே அங்கன்வாடி டீச்சர். சனிக்கிழமை சாமான் வாங்க இறங்கினால் என் வீட்டில்தான் காபி. அவளிடம் பெரிய வியாழன் கதை எடுபடுமா?

மாலை அவளே அழைத்தாள். "டீச்சர், ஆறு பேர்ல நானும் ஒருத்தி! எங்க வீட்டுக்காரரு ஒரே கேலி. ஒன் கால்ல இருக்கிற தோட்டத்துச் சேத்தக் கழுவ ஃபாதருக்கு ஒரு ட்ரம் தண்ணி பத்தாதுங்கிறாரு."

சிரித்தேன். சொல்லவில்லை. டவர் சரியில்லை என்று வைத்துவிட்டேன். டவர் நன்றாகவே இருந்தது.

அக். 31, வெள்ளி

மெட்டில் மூட்டம். அவர்கள் ஜீப்பு தாமதம்.

எஸ்தர் இறங்கியபோது இரண்டு காலிலும் பாலிதீன் பை, கணுக்காலில் நூல் கட்டி. சேறு படக் கூடாதாம். வாசலில் உட்கார்ந்து அவிழ்த்தாள். குதிகால் வெடிப்பெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது. ஆறு பேரும் முன் வரிசை.

மன்னிப்பு வாசகம் நான் வாசித்தேன். குரல் பிசிறவில்லை. நன்றாக இருந்தது என்று பலர் சொன்னார்கள்.

இறுதி ஆசீர், பாட்டு, முடிந்தது. எல்லோரும் எழுந்தோம். அந்த ஆறு பேர் எழவில்லை. காத்திருந்தார்கள். போதகர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் தாளை மடித்தேன். போதகர் குனிந்து ஏதோ சொன்ன பிறகுதான் எஸ்தர் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வெளியே டீ.

"கால் கழுவலையா டீச்சர்?"

"அது பெரிய வியாழனுக்கு மட்டும்தானாம்" என்றேன். வேறு யாரோ முடிவு செய்தது போல.

டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். "அதுக்கென்ன. வீட்டுக்காரரு கேட்டா கழுவியாச்சுன்னு சொல்லிர்றேன். இல்லேன்னா விட மாட்டாரு, சிரிப்பாரு."

நவ. 1, சனி

காபிக்கு வரவில்லை. மழை என்று எழுதலாம். மழை இல்லை.

போன் எடுத்தேன். என்ன சொல்ல? வைத்தேன்.

நவ. 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். கூட்டம், புகை, ஒரே கசகசப்பு. அப்பா கல்லறைக்குப் பூ மட்டும் கொண்டுபோனேன், மெழுகுதிரி மறந்துவிட்டது.

வழியில் அருளப்பன் அண்ணன் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் மலர்ச்சி. "டீச்சர், நல்ல காரியம் பண்ணீக. நாங்க வேணாம்னு சொல்லிருந்தா சாதி பாக்குறாய்ங்கன்னு கெளப்பிருப்பாய்ங்க. நீங்க சொன்னதால ஒரு பய வாயத் தெறக்கல." கையிலிருந்த மெழுகுதிரிக் கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார்.

"பரவால்லண்ணே" என்றேன். வாங்கிக்கொண்டேன்.