தராசின் ஒரே டிஸ்க்

4 நவம்பர் 1996, திங்கள்

லாரித் தராசு இன்று கிளம்பவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டதும் தேங்காய் துருவுகிற மாதிரி கரகரவென்று சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. டிஸ்க் ஏறினால்தான் தராசு எடை காட்டும், சீட்டு அடிக்கும்.

என் கொள்முதல் மேட்டுக்குச் செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரிகள் கோலா பிலா ரோடு வரை நின்றன. பழைய தொங்கு தராசில் நிறுத்துக் கையால் சீட்டு எழுதினேன். குலை கொண்டுவந்த மங்கம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மிஷின் போடுற எடைன்னா சரி. நீங்க பேனாவுல போடுற எடைய யாரு நம்புறது லா?" லாரியைத் திருப்பிக்கொண்டு நேராக என் போட்டிக்காரன் சோலையப்பன் மேட்டுக்குப் போய்விட்டாள். அவனிடமும் இதே மிஷின். அது ஓடுகிறது.

ஒன்று யோசிக்க வேண்டும். இந்தச் சத்தம் ஆயுத பூஜை லீவு முடிந்து திறந்த நாளிலிருந்துதான். லீவில் ஆபீஸ் சாவி யாரிடம் இருந்தது? ஆட்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமியிடம்.

5 நவம்பர்

பாரோயிலிருந்து காமாட்சி வந்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற பெண். ஸ்பேனரைப் பிடித்தால் கை நடுங்காது, அது எனக்குப் பிடிக்கும்.

"டிரைவ் போச்சு அங்கிள். டிஸ்க் தப்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன். காப்பி எங்க?"

காப்பி ஏது? 88-ல் இதை மாட்டிக் கொடுத்த கேஎல் கம்பெனிக்காரன், முதல் வேலையாகக் காப்பி போடுங்கள் என்றான். நான்தான் வேண்டாமென்றேன். ஒன்று இரண்டானால், மூன்றாவது சோலையப்பன் பெட்டியில் இருக்கும். ஈரப் பழத்துக்கு நான் பிடிக்கிற கழிவு எவ்வளவு என்பது அந்த டிஸ்க்கில்தானே இருக்கிறது. கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். இது போனால் என் மேட்டையும் மூட வேண்டியதுதான்.

"டிஸ்க்க வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாக்கட்டுமா?"

எதற்கு வீட்டுக்கு? கெட்டுப்போன டிரைவை மட்டும் கொடுத்தனுப்பினேன்.

6 நவம்பர்

நல்லசாமியிடம் சாவியை வாங்கிக்கொண்டேன். காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்காததுதான் இடிக்கிறது.

7 நவம்பர்

சிரம்பான் பழைய சாமான் கடையில் குவியலுக்கு அடியில் ஒரு டிரைவ் கிடைத்தது. அதே அகலம், அதே வாய். காமாட்சி பார்த்த மாத்திரத்தில் தள்ளி வைத்தாள்.

"இது 1.2 மெகா அங்கிள். உங்களுது 360 கே. இதோட தலை சன்னம். உங்க பழைய மிஷின்ல மாட்ட முடியாது. என் மிஷின்ல மாட்டினா உங்க டிஸ்க்க படிக்கும். ஆனா இதுல எழுதுற காப்பி உங்க மிஷின்ல ஏறினா ஏறும், ஏறாட்டி இல்ல. 360 தான் தேடணும்."

அவளிடமே ஒரு 360 இருக்கிறதோ, நல்ல விலைக்கு வைத்திருக்கிறாளோ என்று சந்தேகம். வருகிற வழியில் வேறொரு கடையில் சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவனும் அதையேதான் சொன்னான். சரி. இந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை.

9 நவம்பர்

நாளைக்குத் தீபாவளி. சோலையப்பன் ஒரு டின் முறுக்கு அனுப்பியிருக்கிறான். கூடவே சேதி: தன்னிடம் உபரியாக ஒரு 360 டிரைவ் இருக்கிறதாம், வேண்டுமானால் வரச் சொன்னானாம்.

என் தராசு படுத்தது அவனுக்கு லாபம். அப்புறம் எதற்கு டிரைவ்? முறுக்கைத் தொடாதே என்று என் வீட்டுக்காரி பஞ்சாலையிடம் சொன்னேன். "இதுக்குள்ளயும் டிஸ்க் வச்சிருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே கடித்தாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இப்படித்தான்.

12 நவம்பர்

போனேன். வேறு வழி?

சோலையப்பன் செட்டியார் குடிக்கக் காப்பி கொடுத்தார், ஊரெல்லாம் பேசினார். கடைசியில் வந்தது விஷயம். அவர் டிஸ்க் சாகக் கிடக்கிறது. தினமும் காலையில் திரும்பத் திரும்பப் போட்டு, தட்டிக்கொடுத்து ஏற்றுகிறாராம்.

"எங்கிட்ட டிரைவ், உங்ககிட்ட டிஸ்க். பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி, மாணிக்கம்."

"அப்ப டிரைவ என் ஆபீசுக்கு அனுப்புங்க செட்டியாரே."

"டிஸ்க்க இங்க கொண்டாங்களேன்."

நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. பொதுவாகப் பாரோயில் காமாட்சி வீடு என்று முடிவாயிற்று.

14 நவம்பர்

மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தன் டிஸ்க்கோடு செட்டியார். அவர் என் டிஸ்க்கைப் பார்க்கிறார். நான் அவர் கையைப் பார்க்கிறேன். காமாட்சிக்குச் சிரிப்பு.

டிரைவை மாட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. என்னமோ வேலை நடக்கிறது என்று எழுந்துவிட்டேன். "கேபிள் தலைகீழா மாட்டிட்டேன், உக்காருங்க." திருப்பிக் குத்தினாள். விளக்கு அணைந்தது. அப்போதும் கம்ப்யூட்டருக்கு டிரைவ் தெரியவில்லை. அடியில் அரிசி மாதிரி ஒரு சின்ன மூடி. அதைப் பிடுங்கிப் பக்கத்துக் கம்பியில் மாட்டினாள். இந்த மூடிதான் முதல் டிரைவா இரண்டாவதா என்று சொல்லுமாம். தெரிந்துவிட்டது.

முதலில் ஒரு வெத்து டிஸ்க் போட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் கையை நீட்டினாள். கொடுத்தேன். டிஸ்க் ஓரத்து வெட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூடினாள். இனிப் படிக்க மட்டும்தான் முடியும், யாராலும் எழுத முடியாது. அந்த ஸ்டிக்கரைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

காப்பி எடுக்கும்போது நடுவில் ஒரு இடத்தில் நின்றது. மறுபடி, மறுபடி தட்டினாள். செட்டியார் முருகா என்றார். என் டிஸ்க்குக்கு அவர் வேண்டுகிறார்! ஏறிவிட்டது.

"கழிவுக் கணக்கு இதுல தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது தராசுப் பெட்டிக்குள்ள இருக்கு அங்கிள். டிஸ்க்ல வெறும் புரோகிராம்தான்."

எட்டு வருஷமாக நான் எதைப் பூட்டி வைத்திருந்தேன்?

அதற்குமேல் ஒன்று. என் பழைய டிரைவைத் திறந்து காட்டினாள். தலையில் மஞ்சளாகக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் சாம்பல் தூள். "சந்தனம், விபூதி. செட்டியார் அங்கிள் டிஸ்க்லயும் இதேதான். பூஜைக்கு மிஷின் வாயிலயே பொட்டு வைப்பீங்களா?"

நான் செட்டியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "வருஷா வருஷம் கும்பிட்டே கொன்னுருக்கோம்" என்றார்.

இந்த வருஷம் சந்தனம் கொஞ்சம் தண்ணியாகப் போய்விட்டது. வழிந்தது. துடைக்கவில்லை. வைத்தது என் கை.

15 நவம்பர்

செட்டியார் டிரைவைக் கடனாகக் கொடுத்தார். ஒரு காப்பி அவருக்கு. தராசு கிளம்பிவிட்டது. மங்கம்மா லாரி வந்தது, சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போனாள்.

நல்லசாமி குலை எண்ணிக்கொண்டிருந்தான். சாவி என் பையிலேயே இருந்தது. என்னவென்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது? கொடுக்காமலே ஆபீசுக்குள் போய்விட்டேன்.

10 அக்டோபர் 1997, ஆயுத பூஜை

மிஷின் வாயைப் பேப்பர் போட்டு ஒட்டியிருந்தான் நல்லசாமி. நான் சொல்லவில்லை. பொட்டு பெட்டித் தலையில் மட்டும் வைத்தேன்.

எல்லாரும் சுண்டல் வாங்கிக்கொண்டு போன பிறகு சாவியை அவனிடம் நீட்டினேன். போன வருஷத்திலிருந்து தினமும் நானே வந்து திறக்கிறேன். அவன் உடனே வாங்கவில்லை.

"இந்த லீவுல எதாச்சும் கெட்டுப்போனா, மொதலாளி?"

"காமாட்சிய கூப்பிடு" என்றேன்.

வாங்கி மடியில் செருகிக்கொண்டான்.